பசியை எந்தக் கணக்கில் எழுதுவது?

நகராட்சி அலுவலகத்துக்குள் எந்த யோசனையைக் கொண்டுபோனாலும் முதலில் வருகிற கேள்வி, ‘எந்த ஹெட்டுல போடறது?’ என்பதுதான். சாக்கடை வெட்ட ஒரு தலைப்பு இருக்கிறது, தெருவிளக்குக்கு ஒன்று, கொசு மருந்துக்கு ஒன்று. தலைப்பு இல்லாத செலவு எவ்வளவு நல்லதானாலும் கோப்போடு தூங்கிவிடும். துணிந்து செலவழித்தால் ‘ஆடிட் அப்ஜெக்‌ஷன்’ என்று ஒரு காகிதம் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஏற்பாடு பிறந்த கதையை நமக்கு இரக்கத்தின் கதையாகவே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இரக்கம் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஏற்பாடு நின்றதும் விழுந்ததும் மறுபடி எழுந்ததும் கணக்குப் புத்தகத்தில். பசி கல்விச் செலவா, சுகாதாரச் செலவா, தருமமா? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய நகராட்சிகளில் இரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, மற்றது சென்னை.

பிராட்ஃபோர்டு வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் கம்பளி நகரம். 1870-இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த ஃபார்ஸ்டர் அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். 1880-இல் பள்ளிப் படிப்பு கட்டாயமானது. 1891-இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணமும் போயிற்று. பிள்ளையை அனுப்பியே தீரவேண்டும் என்று சட்டம் சொன்ன பிறகுதான் பசி வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது. அதுவரை அது ஆலையிலும் தெருவிலும் வீட்டு மூலையிலும் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இப்போது வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரின் கண்ணெதிரே தூங்கி விழுந்தது. அந்த ஊரில் ‘அரை நேரப் பிள்ளைகள்’ என்று ஒரு கூட்டமே உண்டு. பாதி நாள் கம்பளி ஆலையில் வேலை, மீதி நாள் பள்ளி. எந்த நேரத்தில் படித்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

1893-இல் அந்த ஊருக்கு வந்த மார்கரெட் மெக்மில்லன், அடுத்த ஆண்டே பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாரியத்தின் மருத்துவர் ஜேம்ஸ் கெர் என்பவருடன் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளின் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தபோது, மாதக்கணக்கில் கழற்றாத துணியோடு வந்த பிள்ளைகளைக் கண்டார். குளிருக்காக உடம்போடு சேர்த்துத் தைத்துவிடும் வழக்கம் ஏழை வீடுகளில் இருந்தது. 1897-இல் வாப்பிங் தெருப் பள்ளியில் குளியலறை கட்டினார்கள். குளிப்பாட்டியாயிற்று, சோறு? அதற்கு நகரத்தில் சிண்டரெல்லா சங்கம் என்ற தரும அமைப்பு இருந்தது. நன்கொடை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 1902-இல் புதிய கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களைக் கலைத்துப் பொறுப்பை நகர மன்றங்களிடம் கொடுத்தது. அன்றைய விதிப்படி பெண்கள் அந்த மன்றங்களுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. அந்த ஒரே காரணத்தால் மெக்மில்லன் வெளியே போனார். ஒரு நிர்வாக மாற்றம் என்று ஒற்றை வரியில் எழுதிவிடக்கூடிய விஷயம்தான் இது. எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. அந்த ஊரில் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி யாரைவிடவும் அதிகம் அறிந்தவரை, பிள்ளைகளின் பொறுப்பு கைமாறிய அதே ஆண்டில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

மன்றத்துக்குள் மிச்சமிருந்தவர்களில் ஃபிரெட் ஜோவெட் முக்கியமானவர். எட்டு வயதில் ஆலைக்குப் போன அரை நேரப் பிள்ளை அவர். 1892 முதல் மன்ற உறுப்பினர். பசித்த பிள்ளைகளுக்கு நகரத்தின் வரிப்பணத்தில் சாப்பாடு போடவேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்த்தரப்பு, பிள்ளைக்குச் சோறு போடுவது தகப்பன் கடமை என்றது. நகரம் போட ஆரம்பித்தால் தகப்பன் கையைக் கழுவிவிடுவான் என்றது. இந்த வாதம் இன்றைக்கும் சாகவில்லை, இலவசம் என்ற சொல்லோடு அடிக்கடி நம் ஊரில் உலா வருகிறது. ஆனால் மன்றத்தில் யார் வென்றாலும் பயனில்லாத நிலை. வரிப்பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிட நகராட்சிக்குச் சட்டத்தில் அதிகாரமே கிடையாது.

1905-இல் லண்டன் ஒரு வழி காட்டியது. வறியோர் நிவாரணக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை நிவாரணக் கணக்கில் சாப்பிட்டால் தகப்பன் ‘நிவாரணம் வாங்கியவன்’ ஆகிவிடுவான். நிவாரணம் வாங்கியவனுக்கு ஓட்டு கிடையாது. போட்ட சோற்றையும் கடனாக எழுதி அவனிடமே வசூலிக்கலாம். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு விலை தகப்பனின் ஓட்டு! தன்மானம் உள்ள எந்த ஆலைத் தொழிலாளி பெயர் கொடுப்பான்? சாப்பாடு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பது குமாஸ்தாவின் கவலை மட்டுமல்ல என்பதை இந்த ஓராண்டு அனுபவம் ஊருக்கே காட்டிவிட்டது.

1906 தேர்தலில் ஜோவெட் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. அதன் நடுவில் இருக்கும் வாசகம் கெட்டிக்காரத்தனமானது. உணவுக் குறைவால் கல்வியின் முழுப்பயனைப் பெற முடியாத பிள்ளைகளுக்குக் கல்வி நிர்வாகம் சாப்பாடு ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். பசியைத் தீர்ப்பது சட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்படவில்லை. பாடம் ஏறவேண்டும், அதற்குப் பசி தடை, ஆகவே கல்விக் கணக்கு. தகப்பனின் ஓட்டும் தப்பியது. ஆனால் ‘செய்யலாம்’ என்றுதான் எழுதியிருந்தது, ‘செய்யவேண்டும்’ என்று இல்லை. அதோடு உணவுக்கு ஆகும் செலவு வரி மதிப்பில் பவுனுக்கு அரை பென்னிக்கு மேல் போகக்கூடாது. அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஆக 480-இல் ஒரு பங்குதான் கூரை.

சட்டம் வந்தது, இனி எதைப் போடுவது, எவ்வளவு போடுவது, போட்டால் பலன் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. பிராட்ஃபோர்டு மற்ற ஊர்களிலிருந்து விலகி நிற்பது இங்கேதான். தீர்மானம் போட்டோம், ஆரம்பித்தோம் என்று போகாமல், முதலில் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார்கள். பள்ளி மருத்துவ அதிகாரி ரால்ஃப் கிரவுலியும், பள்ளிகளில் சமையல் பாடத்துக்குப் பொறுப்பாளரான மேரியன் கஃபும் சேர்ந்து 1907 ஏப்ரல் 17-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். இடம் மானிங்ஹாம் பகுதியில் கிரீன் லேன் பள்ளி. தலைமையாசிரியர் ஜோனதன் பிரீஸ்ட்லி, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜே. பி. பிரீஸ்ட்லியின் தகப்பனார். மிகவும் ஒட்டிய வயிற்றுக்காரர்களாக 40 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 24 வரை நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

காலையில் ஓட்ஸ் கஞ்சி, பால், சர்க்கரைப்பாகு, பிறகு ரொட்டி. கஞ்சியை முதல் நாள் பல பிள்ளைகள் தொடவில்லை. டீயும் ரொட்டியுமாகவே வளர்ந்த நாக்கு அது. ஓரிரு நாளில் எல்லாரும் தட்டை வழித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கஃப் வகுத்த பட்டியலில் பருப்பு, பீன்ஸ், பாலாடைக்கட்டி என்று இறைச்சி இல்லாத வகைகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிள்ளைக்கு எவ்வளவு பொருள், என்ன செலவு, எவ்வளவு புரதம் என்று கணக்கு எழுதினார். மேசைகளில் விரிப்பு போட்டார்கள். பூ வைத்தார்கள். பெரிய பெண்பிள்ளைகள் பரிமாறினார்கள். விரிப்பு ஒரு வாரத்துக்குள் அழுக்கேறிப் போயிற்று. பிள்ளைகளின் சட்டைக் கையில் இருந்த அழுக்கு அது. அரை பென்னிக் கூரைக்குள் நின்றுகொண்டு மேசைவிரிப்புக்கும் பூவுக்கும் இடம் கண்டார்களே, அந்தச் சமையல் ஆசிரியையை நான் இந்தக் கதையின் நாயகி என்றே சொல்வேன். வரிசையில் நிற்க வைத்துக் கரண்டியால் ஊற்றி அனுப்புவதற்கும் விரிப்பு போட்ட மேசையில் உட்காரவைப்பதற்கும் உள்ள தூரத்தைச் சாப்பிடுகிற பிள்ளை அளந்துவிடும்.

கிரவுலி அளந்தது எடையை. சாப்பிட்ட பிள்ளைகளை வாராவாரம் தராசில் நிறுத்தினார். அதே பள்ளியின் மற்றப் பிள்ளைகளில் ஒரு குழுவையும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டார். சோதனை முடிந்தபோது, சாப்பிட்டவர்கள் சராசரியாக 2 பவுண்டு 8 அவுன்ஸ் ஏறியிருந்தார்கள், ஏறத்தாழ 1.1 கிலோ. மற்றவர்கள் 1 பவுண்டு 4 அவுன்ஸ். சரியாக இரண்டு மடங்கு. வரைபடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் விட்சன் பண்டிகைக்குப் பள்ளி மூடியிருந்த வாரத்தில் கோடு சறுக்கிக் கீழே இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. வீட்டில் என்ன நிலைமை என்று விசாரிக்க இன்ஸ்பெக்டர் யாரும் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

1907 அக்டோபர் 28-இல் கிரீன் லேனில் மையச் சமையற்கூடம் திறந்தார்கள். ஒரே இடத்தில் சமைத்து, சூடு ஆறாத பெட்டிகளில் அடைத்து, வண்டியில் ஏற்றி மற்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். புதிய சட்டத்தின்படி நகராட்சி வரிப்பணத்தில் பள்ளிச் சாப்பாடு போட்ட முதல் ஊர் என்ற பெயர் பிராட்ஃபோர்டுக்கு நிலைத்தது. ஆனால் விட்சன் வாரத்துச் சறுக்கல் அவர்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்விக் கணக்கில் எழுதிய சாப்பாடு ஆயிற்றே, பள்ளி இல்லாத நாளில் கல்வி ஏது? ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியைத் தணிக்கைக்காரர் எப்படி ஏற்பார்? எந்தத் தந்திரத்தால் சாப்பாடு சட்டத்துக்குள் நுழைந்ததோ அதுவே அதன் காலைக் கட்டியது. 1914-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரை பென்னிக் கூரையும் போனது, விடுமுறையில் போடுவதற்கும் அனுமதி வந்தது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்யவேண்டும்’ ஆக 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி சென்னை. பிராட்ஃபோர்டின் சோதனை சென்னை மன்றத்தாரை எட்டியிருந்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஒரே நோய்க்கு ஒரே மருந்தை இரண்டு ஊரும் தனித்தனியே கண்டுபிடிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

1919-இன் நகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்றம் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. அப்படி வந்த முதல் இந்தியத் தலைவர் பிட்டி தியாகராயர். நெசவுத் தொழிலில் வேரூன்றிய குடும்பம், நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவர். 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி ரிப்பன் மாளிகையில் மன்றம் கூடியது. சில நாள் முன்புதான் கல்கத்தாவில் காங்கிரஸ் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றிருந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. மாகாணத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சென்னை மன்றம் எடுத்த முடிவு, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுப்பது. செலவு நாளொன்றுக்குப் பிள்ளைக்கு ஓர் அணாவைத் தாண்டக்கூடாது. ரூபாயில் 16-இல் ஒரு பங்கு. இங்கேயும் கூரையோடுதான் பிறந்தது பிள்ளை.

தியாகராயர் முன்வைத்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்றார். பிராட்ஃபோர்டில் வந்த பிள்ளை படிக்க முடியாமல் தவித்தது. சென்னையில் பிள்ளை வரவே இல்லை. அங்கே கட்டாயக் கல்வி முந்திக்கொண்டு, சாப்பாடு பின்னால் வந்தது. இங்கே கட்டாயம் இன்னும் வரவில்லை. இழுத்துக்கொண்டு வர வேறு கயிறு இல்லாத நிலையில் ஓர் அணா டிபன்தான் கயிறு. ஆகவே எடை பார்க்கும் தராசுக்கு இங்கே வேலை இருக்கவில்லை. வருகைப் பதிவேடு போதும்.

பதிவேடு நன்றாகவே பேசியது. ஒரு பள்ளியில் தொடங்கியதை மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரித்தார்கள். மாநகராட்சியின் சுகாதார அதிகாரிகள் மேற்பார்வை பார்த்தார்கள். இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-இல் 811 பிள்ளைகள். 1924-25-இல் 1,671. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு! இதற்குள் தியாகராயர் தேடி வந்த முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் அந்த இடத்தில் அமர்ந்தார். பின்னர் பனகல் அரசர்.

தீர்மானம் பிறந்த அதே 1920-இல் இன்னொன்றும் பிறந்திருந்தது: சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம். கல்வி வரி போடலாம், அந்த வரியைக் கொண்டு ஆரம்பக் கல்வி நிதி என்று தனியாக ஒன்று வைக்கலாம் என்றது சட்டம். நல்ல சட்டம். டிபன் செலவையும் மாநகராட்சி அந்த நிதியில் எழுதிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளை, பள்ளி நேரம், பள்ளிக் கட்டடம், வேறு எதில் எழுதுவார்கள்? அரசாங்கம் ஒப்பவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று அந்தச் செலவை மறுத்துவிட்டது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி, புது நிதியாண்டின் முதல் நாள், டிபன் நின்றது.

மறுத்தது வெள்ளைக்கார அரசாங்கம் என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இரட்டையாட்சியில் கல்வி இந்திய அமைச்சர்களிடம் இருந்த துறை, ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி, கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ. தியாகராயர் வளர்த்த கட்சியின் ஆட்சியில்தான் தியாகராயர் தொடங்கிய டிபன் நின்றது. இதில் சதி எதையும் நான் தேடவில்லை. கொள்கை ஒரு மேசையில், தலைப்பு இன்னொரு மேசையில் இருந்தால் இப்படி ஆகும். அந்த 1925-லேயே தியாகராயரும் காலமானார்.

டிபன் நின்றதும் பதிவேடு மறுபடி பேசியது, இந்த முறை எதிர்த் திசையில். பிள்ளைகள் குறைந்தார்கள். மன்றம் விடவில்லை. எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் மிக ஏழைப் பிள்ளைகளுக்காவது என்று இறங்கிவந்து, 1,000 பேர் அளவில் வேறு வழியில் சாப்பாட்டைத் தொடர்ந்தது. எல்லாருக்குமாகத் தொடங்கியது, பிறகு ‘தகுதியானவர்களுக்கு’ என்று சுருங்கியது. இந்தச் சுருக்கம்தான் எனக்கு அரசாங்கத்தின் அந்த மறுப்பைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஒரே வகுப்பில் ஒருவன் சாப்பிட எழுந்துபோக, இன்னொருவன் பார்த்துக்கொண்டிருந்தால், எழுந்துபோகிறவன் முதுகில் ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். 1905-இல் பிராட்ஃபோர்டின் தகப்பன்மார் பெயர் கொடுக்கத் தயங்கியதும் இதற்காகத்தானே.

பின் நடந்தவை நம் எல்லாருக்கும் தெரிந்தவை, வேகமாகப் போகலாம். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது கஜானாவைத் திறக்கவில்லை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், ஊராரிடம் அரிசியும் பருப்பும் விறகுமாகத் திரட்டும் வழியைப் பரப்பினார். தலைப்புச் சண்டையே எழாத ஏற்பாடு, ஏனென்றால் முதலில் அரசுச் செலவே இல்லை. அடுத்த ஆண்டு முதல் அரசு உதவி வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று வைத்து, 6 பைசா அரசு, 4 பைசா உள்ளூர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஓர் அணாவே ஆறே கால் புதுப் பைசாதான், ஆக அரசின் பங்கு தியாகராயரின் பழைய கூரையை ஒட்டியே வந்து நின்றது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது முழுப் பாரத்தையும் அரசே ஏற்றது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒரு பெரும் பணியாளர் கூட்டமே உருவானது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களும் அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ‘கொடுக்கலாம்’ இந்தியாவிலும் ‘கொடுக்கவேண்டும்’ ஆன நாள் அது.

காலைச் சாப்பாடுதான் நெடுநாள் பாக்கி நின்றது. கிரீன் லேனில் கஞ்சியோடு பொழுது விடிந்த 1907-க்குப் பிறகு 115 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 15-இல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

கிரவுலியின் வரைபடத்தில் சறுக்கிய அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் நம்மிடம் இன்னும் கணக்கு இல்லை. 2004-இல் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கவேண்டும் என்றது. மற்ற இடங்களில், மற்ற ஆண்டுகளில், சத்துணவு பள்ளி நாட்களுக்கு மட்டும்தான் எழுதப்படுகிறது. ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளியைப் பூட்டும்போது சத்துணவுக் கூடத்தையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். மே மாதத்துக்கு ஹெட் கிடையாது.